மூக்கைத் தூக்காத வள்ளம்

“ஐயா, நீங்கள் முன்னுக்கு வாங்கோ. உங்காலை பின்னுக்கு இருந்தால் எஞ்சின் புகை அடிக்கும்.”

எஞ்சின் இன்னும் இயக்கப்படவேயில்லை. என்றாலும் தொந்தியுள்ள ஐயா நன்றியோடு எழுந்து முன் இருக்கைக்குப் போகிறார். “அன்ரி, நீங்கள் ஐயாவுக்கு மற்றப் பக்கம் இருங்கோ, படம் எடுக்க வசதி.” அன்ரியும் போகிறார். மெலிந்த பெண்கள் இருவர் பின்னுக்கு அனுப்பப்படுகிறார்கள், அங்கே இருந்தால் தலைமுடி கலையாது என்ற காரணத்தோடு. குருநகர் இறங்குதுறையில் ‘ஸ்டெல்லா’ என்ற நீல நிற பைபர் வள்ளத்தில் உல்லாசப் பயணம் போக வருகிறவர்கள், தங்களை ஜெசிதா நிறுத்துக்கொண்டிருக்கிறார் என்பதை அறியமாட்டார்கள். ஒரு பார்வையில் ஆளின் எடை அவருக்குப் பிடிபட்டுவிடும். எடையைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் எல்லாரையும் தான் நினைத்த இடத்தில் இருத்திவிடுவார்.

ஜெசிதா உயரம் குறைந்த, கட்டையான பெண். சுரிதாருக்கு மேலே கணவரின் பழைய முழுக்கைச் சட்டை, காதில் சின்னத் தோடு, வாயில் எப்போதும் ஓர் ஏலக்காய். சுக்கானுக்குப் பின்னால் மீன் பெட்டியொன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் பழைய சாக்கை மடித்துவைத்து அமர்வார். கணவர் அடைக்கலநாதன் ஆழ்கடலுக்குப் போகிறவர். முதலில் இந்த வள்ளத்தையும் அவர்தான் ஓட்டினார். ஒரு பருவம் ஓட்டிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். “மீன் வாயைத் திறக்காது. சனம் வாயை மூடாது. எனக்கு மீனே போதும்,” என்று சொல்லிச் சுக்கானை மனைவியிடம் கொடுத்துவிட்டார். ஜெசிதாவுக்கோ சனம் பிடிக்கும். கேட்கிறவர்களுக்கு மண்டைதீவைக் காட்டுவார், கோட்டை மதிலைக் கடல் பக்கமிருந்து காட்டுவார், பறவை இருக்கும் காலத்தில் கிழக்கே அரியாலைப் பக்கம் கொண்டுபோவார்.

அவருக்குப் பிடிக்காத சொல் ஒன்று உண்டு: ‘அது அப்பிடித்தான்.’ தண்ணீர்க் குழாய் ஒழுகினாலும், பேருந்து பிந்தி வந்தாலும், யாராவது அதைச் சொல்லிவிட்டால் போதும், திரும்பி நின்று “ஏன் அப்பிடி?” என்று கேட்பார். ஸ்டெல்லா மூக்கைத் தூக்குகிறது என்று அவர் முறையிட்டபோது துறையில் எல்லோரும் அந்தச் சொல்லைத்தான் சொன்னார்கள்.

வள்ளத்தின் முன்பக்கத்துக்கு அணியம் என்று பெயர். எஞ்சின், எண்ணெய்த் தாங்கி, ஓட்டுகிறவர் எல்லாம் பின்பக்கம் இருப்பதால், ஆட்களை ஏற்றி வேகத்தைக் கூட்டும்போது பின்பக்கம் குந்திக்கொள்ளும். அணியம் வானத்தைப் பார்க்கும். நல்ல வேகம் பிடித்தால் தானாகத் தாழும். ஆனால் ஸ்டெல்லாவின் எஞ்சின் சிறியது, சுமை பெரியது. அந்த நல்ல வேகம் வந்து சேராது. மெல்லப் போனால் மூக்குத் தாழ்ந்திருக்கும். ஆனால் பின்னேரக் காற்று எழும்புமுன் கரை சேர முடியாது. ஆகவே பயணத்தில் பாதி நேரம், மீன் பெட்டியில் இருக்கும் கட்டையான பெண்ணுக்கு முன்னே தெரிவது நீலப் பைபரும் அதன் மேலே ஆகாயமும்தான். ஆட்களை இடம் மாற்றி இருத்தும் வித்தையெல்லாம் அதற்காகத்தான். அதுவும் ஓரளவுக்குத்தான் உதவியது.

போன சோழகக் காற்றுக் காலத்தில், உரும்பிராயிலிருந்து வந்த கலியாண வீட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு கிழக்கே போய்க்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் தங்கை ஒருத்தி படம் எடுப்பதற்காக எழுந்து நின்றாள். நின்றவள் திடீரென்று கத்தினாள்: “அக்கா, ஆள்! ஆள்!”

ஜெசிதா எதையும் பார்க்கவில்லை. குரலை நம்பிச் சுக்கானை ஒடித்தார். வள்ளம் சரிந்து திரும்பியது. வலப்பக்கத்தில் ஒரு கறுத்த தலையும் இரண்டு கைகளும் வழுக்கிக்கொண்டு பின்னால் போயின. நெஞ்சளவு தண்ணீரில் நின்று இறால் வலை கட்டிக்கொண்டிருந்த ஆழ்வாப்பிள்ளை என்ற கொழும்புத்துறைத் தொழிலாளி அவர். வள்ளம் எழுப்பிய அலை அவரை மூடிவிட்டு விலகியது. எஞ்சினை நிறுத்திவிட்டு ஜெசிதா உடுப்போடு தண்ணீரில் குதித்து அவரிடம் போனார்.

மனிதருக்கு ஒன்றும் நடக்கவில்லை. முகத்தை வழித்துக்கொண்டு, நனைந்த சுருட்டை வாயிலிருந்து எடுத்து எறிந்தார். ஏச்சுக் கேட்கத் தயாராக நின்ற ஜெசிதாவிடம் அவர் ஏசவும் இல்லை.

“நீ என்னைக் காணேல்லைப் பிள்ளை. நானும் உன்னைக் காணேல்லை. வள்ளத்தின்ரை வயிறுதான் எனக்குத் தெரிஞ்சது. ஓட்டுறது ஆணோ பெண்ணோ எண்டும் தெரியேல்லை.”

அன்று கரைக்குத் திரும்பியதும் எஞ்சினுக்கு எண்ணெய் போகும் குழாயைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, குசினிச் சுவரில் ஆணியடித்துக் கொழுவினார் ஜெசிதா. பயணம் கேட்டு வந்த தொலைபேசி அழைப்புகளுக்கெல்லாம் “வள்ளம் ஓடேல்லை” என்றார். ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லையே, ஏன் இந்தப் பிடிவாதம் என்று அயலார் கேட்டார்கள். “ஆகேல்லை எண்டது அந்தப் பெட்டை எழும்பி நிண்டதாலை. ஒவ்வொரு நாளும் ஒரு பெட்டை எழும்பி நிப்பாளோ?” என்பதுதான் மறுமொழி.

அடைக்கலநாதனின் தம்பி றொகான் நோர்வேயில் இருக்கிறார். ஓய்வு நாட்களில் குடும்பத்தோடு சுற்ற அவரிடம் ஒரு சின்ன வள்ளம் உண்டு. அதில் போகும்போது எடுத்த காணொளி ஒன்றை முன்பொருமுறை அனுப்பியிருந்தார். வீட்டில் எல்லோரும் மலையையும் பனியையும் பார்த்தார்கள். ஜெசிதா இப்போது அதைத் தேடி எடுத்து, வள்ளம் கரையில் ஏற்றப்படும் இடத்தில் நிறுத்தி, விரல்களால் பெருப்பித்துப் பார்த்தார். பின்பலகையின் அடிவிளிம்பில், எஞ்சினுக்கு இரு பக்கமும், கீல் போட்ட இரண்டு தகடுகள் இருந்தன.

ட்ரிம் டாப் என்று பெயர் சொன்னார் றொகான். ஜெசிதா அன்றே அதற்கு வால்தகடு என்று பெயர் வைத்துவிட்டார். தகட்டைக் கீழே சாய்த்தால், ஓடுகிற தண்ணீர் அதில் முட்டி வள்ளத்தின் பின்பக்கத்தை மேலே தூக்கும். பின்பக்கம் எழும்ப அணியம் தாழும். ஒரு பக்கத் தகட்டை மட்டும் சாய்த்தால் அந்தப் பக்கம் மட்டும் எழும்பும். சரிந்து ஓடும் வள்ளம் நிமிரும். இவ்வளவுதான் சங்கதி. ஆனால் எந்தத் தகடு, எவ்வளவு அகலம், எதனால் அசைப்பது என்று கேட்கத் தொடங்கியதும் சங்கதி நீண்டுகொண்டே போனது.

பைபர் வள்ளங்கள் திருத்தும் வாகீசனின் பட்டறை நாவாந்துறைப் பக்கம் இருக்கிறது. கடலையே பார்க்காத தோட்டக்காரக் குடும்பத்துப் பிள்ளை, கைவேலை சுத்தம். அவர் சுருக்கமான வழி சொன்னார். “அக்கா, அசையிற தகடு என்னத்துக்கு? ஆப்பு மாதிரி ரெண்டு தகட்டைச் சரிச்சு இறுக்கிவிடுவம். வயரும் இல்லை, மோட்டரும் இல்லை, பழுதாப்போக ஒண்டும் இல்லை.”

சொன்னது நியாயமாகத்தான் பட்டது. பலகையிலேயே இரண்டு செய்து பூட்டி, எண்ணெய்க் குழாயையும் கொண்டுபோய் மாட்டி, மணல் மூட்டைகளை இருக்கைகளில் ஆட்களைப்போல இருத்தி ஓடிப் பார்த்தார்கள். அணியம் தாழ்ந்தது. ஜெசிதா முதல்முறையாக மண்டைதீவின் பனைகளை அடிமுதல் நுனிவரை பார்த்துக்கொண்டே வள்ளம் ஓட்டினார். மணலை மண்டைதீவுக் கரையில் இறக்கிவிட்டு வெறும் வள்ளத்தோடு திரும்பியபோதுதான் பிரச்சினை வந்தது. பின்னாலிருந்து அலை தள்ள, பாரமில்லாத வள்ளத்தின் மூக்கை ஆப்பு மேலும் அமுக்க, அணியம் அலைக்குள் குத்திப் பக்கவாட்டில் இழுத்தது. ஜெசிதாவின் நாடி சுக்கானில் போய் மோதி, தாடைத் தோல் கிழிந்தது. ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள்.

அடைக்கலநாதன் கட்டிலருகே கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். “இப்ப சரிதானே? ஆசை தீந்துதே? இனிக் குழாய் வள்ளத்திலையே இருக்கட்டும். அணியத்திலை ரெண்டு மணல் மூட்டை போட்டால் முடிஞ்சுது.”

நாடியில் பஞ்சு ஒட்டியிருந்ததால் ஜெசிதா பல்லைக் கடித்துக்கொண்டுதான் பேசினார். “மூட்டையும் ஆப்பும் ஒண்டுதானப்பா. போகேக்கை நல்லம், வரேக்கை கூடாது. இருந்த இடத்திலை இருந்து ஏத்தி இறக்கக்கூடியதாத்தான் வேணும். அது இப்ப தெரிஞ்சுபோச்சு.”

“நாடி கிழிஞ்சுதான் தெரியவேணுமே?”

“வேறை எப்பிடித் தெரியும்?”

அதன்பிறகு ஆராய்ச்சி குசினிக்கு வந்தது. கறி அடுப்பில் கொதிக்க, தொலைபேசி சீனிப் போத்தலில் சாய்ந்து நின்று ஆங்கிலத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கும். வாயு அடைத்த குழாயால் தானாகவே எழும்பித் தாழும் தகடு ஒன்று இருந்தது. வயர் வேண்டாம் என்பதால் வாகீசனுக்கு அதில் விருப்பம். ஆனால் ஸ்டெல்லாவில் ஆட்கள் சொன்ன இடத்தில் இருப்பதில்லை. பறவைக் கூட்டம் கண்ணில் பட்டால் எல்லாரும் ஒரு பக்கமாக ஓடிவிடுவார்கள். அந்த நேரத்தில் எந்தப் பக்கத்தைத் தூக்கவேண்டும் என்று ஓட்டுகிறவர்தான் சொல்லவேண்டும். தகடு தானாக முடிவெடுக்கக்கூடாது என்று ஜெசிதா அதைத் தள்ளினார். எண்ணெய் அழுத்தத்தில் இயங்குவது நல்ல உறுதி. ஆனால் அதன் பம்பை வைக்க வள்ளத்தில் இடமில்லை. மிஞ்சியது மின்சாரத்தில் இயங்குவது: ஒவ்வொரு தகட்டுக்கும் ஒரு மோட்டார், சுக்கானுக்குப் பக்கத்தில் அழுத்தி இயக்க இரண்டு ஆளி.

அங்கேதான் றொகானோடு முட்டிக்கொண்டது. அவர் அண்ணிமேல் இருந்த பாசத்தில் ஒரு சோடியை வாங்கியே விட்டிருந்தார். கைக்கடக்கமானவை, வள்ளத்தின் ஆட்டத்தைத் தானே அறிந்து சரிசெய்பவை. பெட்டியைத் திறந்து தொலைபேசியில் காட்டினார். ஜெசிதா ஏலக்காயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

“வடிவாத்தான் கிடக்கு றொகான். ஆனால் சின்னன்.”

“அண்ணி, உங்கடை வள்ளத்தின்ரை நீளத்துக்கு இதுதான் அளவு எண்டு புத்தகத்திலை போட்டிருக்கு.”

“புத்தகத்திலை இருக்கிற வள்ளத்திலை எத்தினை பேர் ஏறுகினம்? என்ன எஞ்சின்?”

றொகான் தாளைப் புரட்டினார். அவருடைய நாட்டில் நான்கு பேர் போகிற வள்ளத்தில் ஸ்டெல்லாவினதைப்போல இரண்டு மடங்கு எஞ்சின் இருக்கும். வேகமாக ஓடுகிற தண்ணீர் சின்னத் தகட்டையும் பலமாகத் தள்ளும். மெல்ல ஓடுகிற தண்ணீரில் அதே தூக்கலைப் பெற அகலமான தகடு வேண்டும். பலகைத் தகட்டில் ஓடிப் பார்த்த நாளில் ஜெசிதா கண்ட அளவு அதுதான்.

“இதை உங்கடை வள்ளத்துக்குப் பூட்டுங்கோ. எனக்கு ஆகப் பெரிசு என்ன இருக்கெண்டு பாத்துச் சொல்லுங்கோ,” என்றார் ஜெசிதா.

பக்கத்தில் இருந்த அடைக்கலநாதனுக்குப் பொறுக்கவில்லை. “சும்மா வாறதை ஆரும் வேண்டாம் எண்டுறதே? அவன் மனவருத்தப்படுவான்.”

“மனவருத்தம் மாறும்,” என்றார் ஜெசிதா.

மனவருத்தம் மாறத்தான் செய்தது. கொஞ்ச நாளில் றொகானே அழைத்தார். சின்னவற்றைக் கடையில் திருப்பிக் கொடுத்துப் பெரியவற்றை எடுத்துவிட்டதாகச் சொன்னார். அதோடு இரண்டு விசயங்களையும் கண்டிப்பாகச் சொன்னார்: பின்னுக்கு ஓடுமுன் தகட்டை முழுவதும் மேலே எடுத்துவிடவேண்டும், இல்லாவிட்டால் மோட்டார் முறியும், உப்புத் தண்ணீர் தகட்டை அரிக்காமல் இருக்க ஒரு துத்தநாகத் துண்டைப் பூட்டி, தேயத் தேய மாற்றவேண்டும். இரண்டுமே ஜெசிதாவுக்குத் தெரியாதவை. நாகத் துண்டைப் பற்றி மூன்று தரம் திருப்பிக் கேட்டுத் தெளிந்துகொண்டார்.

யாழ்ப்பாணம் வந்த உறவினர் ஒருவரின் பயணப்பெட்டியில் தகடுகள் வந்து சேர்ந்தன. அடைக்கலநாதன் ஒன்றைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். அவர் அதை, மீனுக்கு இருப்பதுபோல, செட்டை என்றுதான் சொல்வார். முப்பது வருடம் கடலில் கிடந்த மனிதர் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. விரலை அதன் கூரான மூலையில் வைத்து அழுத்தினார்.

“இந்தச் செட்டை வலையிலை கொழுவும். களப்பு முழுக்க வலைக் கயிறு. ஆரின்ரையும் வலையை இழுத்துக்கொண்டு வந்தியெண்டால் என்ன சொல்லுவாய்?”

ஜெசிதா தகட்டை வாங்கித் தானும் மூலையை விரலால் தடவினார். இதை எந்தக் காணொளியும் சொல்லவில்லை. மறுநாள் காலை வாகீசனின் பட்டறையில் தகடுகளின் மூலைகள் நிலவுபோல வட்டமாக அரைக்கப்பட்டன. கயிறு நுழைந்து சிக்காமல் இருக்க, அடிவிளிம்புக்குச் சற்று மேலே தூக்கிப் பூட்டுவதென்றும் முடிவாயிற்று. அடைக்கலநாதன் கூடவே நின்று அரைத்த விளிம்பில் ஒரு வலைத் துண்டை இழுத்து இழுத்துப் பார்த்தார். கொழுவவில்லை. அதன்பிறகும், வாகீசன் துளைக்கும் கருவியைக் கையில் எடுத்தபோது அவருக்கு மனம் கேட்கவில்லை. “கடலுக்கை போற வள்ளத்திலை ஓட்டை போடுறதைப் பாத்துக்கொண்டு நிக்கேலாது,” என்று சொல்லி வெளியே போய்த் தேநீர்க் கடையில் இருந்துகொண்டார். ஒவ்வொரு துளையிலும் பசையை ஜெசிதாதான் தன் விரலால் திணித்தார்.

சோதனை ஓட்டத்தைத் துறையில் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஜெசிதா சுக்கானைப் பிடிப்பார், வள்ளம் மூக்கைத் தாழ்த்தும், கைதட்டிவிட்டுப் போகலாம் என்றிருந்தார்கள். ஜெசிதா சுக்கானைப் பிடிக்கவில்லை. கணவரை மீன் பெட்டியில் இருத்தினார். அவருக்காக அதன் மேலிருந்த சாக்கை எடுத்துவிட்டார். உயரமான மனிதர், குனிந்து தன் கண் மட்டத்துக்கு வரவேண்டும் என்றார். கரையில் நின்ற வலைக்காரர்களில் பாரமானவர்களாகப் பார்த்து ஏற்றி, எல்லோரையும் வேண்டுமென்றே ஒரே பக்கத்தில் இருத்தினார்.

“நீ எங்கை போறாய்?”

“ஆழ்வாப்பிள்ளை ஐயா நிண்ட இடத்திலை நிக்கப்போறன். நீங்கள் நேரை வாங்கோ.”

“உன்னைக் குறிவைச்சு நான் வள்ளம் ஓடமாட்டன்!”

“எனக்கு முன்னாலை, எட்டத்திலை ஒரு மூங்கில் நடுறன். அதைத் தாண்டவேண்டாம், அதிலை திருப்புங்கோ. அதுக்கிடையிலை என்னைக் கண்டால் கையைத் தூக்கிக் காட்டுங்கோ. காணாட்டித் தூக்காதேங்கோ. எனக்காகப் பொய் சொல்லாதேங்கோ.”

இடத்தைக் காட்ட ஆழ்வாப்பிள்ளையே வந்திருந்தார். மூங்கிலை நட்டுவிட்டு இருவரும் நெஞ்சளவு தண்ணீரில் நின்றார்கள். கட்டையான ஜெசிதாவுக்கு அது கழுத்தளவு. காலுக்கடியில் சேறு வழுக்கியது. தூரத்தில் எஞ்சின் சத்தம் எழும்பியது.

“ஐயா, நீங்கள் கரைக்குப் போங்கோ. நான் நிக்கிறன்.”

“நான் தண்ணியிலை நிக்கிறதுதானே பிள்ளை என்ரை தொழில். நீ பயந்தால் நீ போ.”

வள்ளம் வந்தது. முதலில் அன்று ஆழ்வாப்பிள்ளை கண்ட அதே நீல வயிறுதான், தண்ணீருக்கு மேலே ஒரு சுவர்போல. தண்ணீரின் மட்டத்திலிருந்து பார்க்கும்போது அது எவ்வளவு பெரிது என்பது ஜெசிதாவுக்கு இப்போதுதான் தெரிந்தது. இத்தனை காலமும் எத்தனை பேரை நோக்கி இந்தச் சுவரை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறோம் என்று நினைத்தார். ஓடவேண்டும் போலிருந்தது. கால்களைச் சேற்றுக்குள் அழுத்திக்கொண்டு நின்றார்.

பிறகு சரிந்திருந்த பக்கம் மெல்ல நிமிர்ந்தது. சுவர் தாழ்ந்தது. மேல்விளிம்புக்கு மேலே ஒரு தொப்பி தெரிந்தது. தொப்பிக்குக் கீழே நெற்றி, மூக்கு, திறந்த வாய். மூங்கிலுக்கு இன்னும் நிறையத் தூரம் இருக்கும்போதே அடைக்கலநாதனின் கை வானத்துக்கு எழுந்தது. கையோடு அவருடைய குரலும் கேட்டது: “காணுறன்! ரெண்டு பேரையும் காணுறன்!”

வள்ளம் மூங்கிலடியில் திரும்பியது. அதன் அலை வந்து இருவரையும் தூக்கி இறக்கியது. வலைக்காரர்கள் வள்ளத்துக்குள் எழுந்து நின்று கூக்காட்டினார்கள்.

“முகம் தெரியுது பிள்ளை,” என்றார் ஆழ்வாப்பிள்ளை. “உன்ரை மனிசன் சவரம் எடுக்கேல்லை எண்டதும் தெரியுது.”

ஜெசிதா சிரிக்கவில்லை. வாய்க்குள் போன உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டு மேற்கே பார்த்தார். காற்று எழும்பத் தொடங்கியிருந்தது, அலைகளின் முதுகு வெளுத்திருந்தது. அடைக்கலநாதன் எஞ்சினைத் தணித்து, மனைவியை ஏற்றிக்கொள்ள மெல்ல அருகே வந்துகொண்டிருந்தார்.

ஜெசிதா வலக்கையைத் தண்ணீருக்கு மேலே உயர்த்தி, சுட்டுவிரலால் ஆகாயத்தில் ஒரு பெரிய வட்டம் போட்டுக் காட்டினார்: திரும்பப் போய், இந்தக் காற்றிலும் இன்னொருமுறை வாருங்கள்.